டர்போ ஆயில் ரிட்டர்ன்: ஆயில் பேன்ல எங்க ஓட்டை, எந்த சைஸ் பைப்?

பொள்ளாச்சி ஜீப்
வணக்கம்ங்க. வண்டி மஹிந்திரா ஜீப், 2523 சிசி டீசல், டர்போ இல்லாம வந்த இஞ்சின். இப்ப ஜர்னல் பேரிங் வெச்ச சின்ன டர்போ (சைலன்சருக்குப் போற புகையில சுத்தி, இஞ்சினுக்குக் காத்தை அமுக்கித் தர்றது) ஏத்தியிருக்கு. டர்போவுக்கு எண்ணெய் போற ஃபீட் லைன், ஆயில் பிரஷர் சுவிட்ச் ஓட்டையில டீ ஜாயிண்ட் போட்டு எடுத்தது. அந்த எண்ணெய் திரும்பி வர்ற ரிட்டர்னுக்கு ஆயில் பேன் (இஞ்சின் அடியில எண்ணெய் நிக்கற தொட்டி) முன்பக்கம், டிரெயின் பிளக்குக்கு மூணு விரக்கடை மேல அரை இஞ்சு மரை போட்டு ஒரு நிப்பிள். நடுவுல ரேடியேட்டர் ஹோஸ் துண்டு.

பிரச்சனை: ஐடில்ல மூணு நாலு நிமிஷம் நின்னா நீலப் புகை. வால்பாறையில இருந்து ஆழியாறு இறங்கி வந்து நிறுத்தினா இன்னும் எச்சு. டர்போவுல காத்தை அமுக்கற கம்ப்ரசர் பக்கத்துல இருந்து இன்டேக் (இஞ்சினுக்குள்ள காத்து போற வழி) போற ஹோஸ் உள்ள எண்ணெய் ஈரம். ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்த்தா வீல் ஹவுசிங்ல உரசலை. மலை ஏறையில எண்ணெய் அளக்கற டிப் ஸ்டிக் கொஞ்சம் மேல தூக்கி நிக்குது, அதுக்கு ஓ-ரிங் மாத்தணும். பட்டறையில "டர்போ சீல் போச்சு, கார்ட்ரிட்ஜ் மாத்துங்க"ங்கறாங்க (ஷாஃப்ட், பேரிங் எல்லாம் சேர்ந்த நடுப்பகுதி). மாத்தலாங்களா?

சங்ககிரி டீசல்
மாத்தாதீங்க. புது கார்ட்ரிட்ஜும் ஒரே வாரத்துல இதே புகையைத்தான் விடும்.

டர்போவுல "சீல்"னு சொல்றது கிராங்க் ஆயில் சீல் மாதிரி ரப்பர் உதடு இல்லீங்க. பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு இரும்பு வளையம், அவ்வளவுதான். வாய் வெட்டு இருக்கும், இடைவெளி இருக்கும். எண்ணெயைக் கட்டி நிறுத்த அதனால முடியாது, அதுக்காக அதை வைக்கவும் இல்லை. உள்ள வந்த எண்ணெய் உடனே கீழ இறங்கிடும்னு நம்பித்தான் டர்போவையே செஞ்சிருக்காங்க. இறங்க வழி இல்லைன்னா நடு ஹவுசிங் ரொம்பும், வளையத்தைத் தாண்டி ஒரு பக்கம் சைலன்சருக்கும் மறுபக்கம் இன்டேக்குக்கும் போகும்.

ஃபீட்ல வர்றதைத் தள்ள இஞ்சின் பம்ப் இருக்கு. வெளியே போறதைத் தள்ள யாருமே இல்லை, அதோட எடைதான் அதை இறக்கணும். அதுவும் வெறும் எண்ணெயா வராது. பேரிங்ல லட்சம் சுத்து சுத்தி, காத்தைக் கலந்துக்கிட்டு, மோர் கடைஞ்ச மாதிரி நுரையா வரும். நுரைக்கு எடை கம்மி, இடம் ஜாஸ்தி வேணும். அதனாலதான் ஃபீட் பென்சில் தடிமன்ல இருக்க, ரிட்டர்ன் கட்டைவிரல் தடிமன்ல இருக்கு.

உங்க நிப்பிள் பிளக்குக்கு மூணு விரக்கடை மேலதானே? அது எண்ணெய்க்குள்ள முங்கித்தான் கிடக்கும். இறங்கி வரும்போது எண்ணெய் முன்னாடி ஓடி இன்னும் மூடிடுது. புகை எச்சானதுக்குக் கணக்கு அதுதான்.

கணக்குப்பிள்ளை
சங்ககிரியார் சொன்னதற்கு எண்கள். ஹோல்செட் என்ற டர்போ நிறுவனத்தின் எச்எக்ஸ் வரிசை சர்வீஸ் கையேடு கேட்பது இவை: ஐடிலில் நிமிடத்துக்கு 2 லிட்டர், அதிக டார்க் வேகத்துக்கு மேல் குறைந்தது 3 லிட்டர் எண்ணெய் டர்போ வழியே ஓட வேண்டும். ரிட்டர்ன் பைப் உள்விட்டம் 19 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மொத்தச் சரிவு 30 டிகிரி. இடையில் எங்கேயும் மேடு கூடாது. இஞ்சினில் சேரும் இடம், கிராங்க் வாரியடிக்கும் எண்ணெய் படாத இடமாக இருக்க வேண்டும்.

அது லாரி டர்போவுக்கான கணக்கு. ஜீப்பில் ஏற்றும் சின்ன டர்போவுக்கு ஏஎன்-10 (ஹோஸ், மரை அளவுக்கான ஒரு முறை) ஹோஸ் வழக்கம், உள்விட்டம் 14 மி.மீ. சொச்சம். 12.7க்குக் கீழே போகவே வேண்டாம். இரண்டு மூன்று மி.மீ.யில் என்ன வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு: 19 மி.மீ. வாயின் பரப்பு 283 சதுர மி.மீ., 14 என்றால் 154, 10 என்றால் 78 தான். கிட்டில் வரும் மலிவான அடாப்டர்களில் வெளியே பெரிய மரை இருக்கும், உள்ளே 10 மி.மீ. துளைதான் போட்டிருப்பார்கள். ஹோஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வழியில் எது மிகக் குறுகலோ அதுதான் உங்கள் ரிட்டர்ன் சைஸ். வெர்னியரை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள்.

நீலாம்பூர் தம்பி
அண்ணா, ஃபீட்ல 1 மி.மீ. ஓட்டை மட்டும் இருக்கற ரெஸ்ட்ரிக்டர் போட்டா வர்ற எண்ணெயே கம்மியாயிடுமே? பேனைக் கழட்டற வேலையே மிச்சம்தானுங்களே?

சங்ககிரி டீசல்
அந்த 1 மி.மீ. கணக்கு பால் பேரிங் டர்போவுக்கு, கண்ணு. அதுக்கு எண்ணெய் கொஞ்சம் போதும். ஜர்னல் பேரிங்ல ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்து மேல மிதக்குது. சூடான ஐடில்ல பிரஷர் ஏற்கெனவே கம்மி. அங்க கொண்டுபோய் ஊசி ஓட்டையை வெச்சா படலம் அறுந்து பேரிங் தேயும். புகை நிக்கும், டர்போவும் நிக்கும்.

கணபதி லேத்
ஓட்டை எங்கன்னு அடையாளம் போடாம பேனைக் கழட்ட வேண்டாங்க. இஞ்சின்ல இருக்கையிலயே எண்ணெய் மட்டத்தை வெளியே குறிச்சுக்கலாம்.

பழைய டிரெயின் பிளக் ஒண்ணு எடுத்து நடுவுல துளை போட்டு 8 மி.மீ. நிப்பிள் வெச்சு ஊதிக்குங்க (வெல்டு பண்ணிக்குங்க). எண்ணெயை வடிச்சுட்டு இந்தப் பிளக்கை மாட்டுங்க. கொத்தனார் மட்டம் பார்க்கற கண்ணாடி டியூப் ரெண்டடி, நிப்பிள்ல மாட்டி பேன் ஓரமா மேல தூக்கிக் கட்டிருங்க. வண்டி சமதரையில நிக்கட்டும். டிப் ஸ்டிக் ஃபுல் கோடு வரைக்கும் எண்ணெய் ஊத்தி, டிப் ஸ்டிக்கை வெளிய எடுத்து வெச்சுட்டு பத்து நிமிஷம் விடுங்க. 15W-40 பொறுமையாத்தான் ஏறும். டியூப்ல நிக்கற மட்டம்தான் பேன் உள்ள நிக்கற மட்டம். மார்க்கர்ல பேன் மேல கோடு.

அந்தக் கோட்டுக்கு மேலதான் உங்க ஓட்டை. எவ்வளவு மேலன்னா, பேன் விளிம்புக்குக் கீழ எவ்வளவு ஒட்டிப் போக முடியுமோ அவ்வளவு. ஓட்டையோட கீழ் உதடு கோட்டுக்கு 25 மி.மீ.யாவது மேல இருக்கணும்.

கணக்குப்பிள்ளை
மலைக்குப் போகிற வண்டிக்கு 25 போதுமா என்று பார்க்க வேண்டும். பேன் நீளம் 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் பேனின் கோடியில் எண்ணெய் 2 செ.மீ. உயரும். காட்டுப் பாதையில் 20 டிகிரி சாய்ந்தால் 7 செ.மீ. ஆனால் நீளவாக்கில் நடுவில் மட்டம் ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம், பேனின் நீளத்தில் நடுப்பகுதி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிக்கும் வால்பாறையின் 40க்கும் அதுதான் சரி. இஞ்சின் ஓடும்போது ஒரு பங்கு எண்ணெய் மேலே இருப்பதால் மட்டம் கோட்டைவிடத் தாழ்ந்திருக்கும். அதை நுரை ஈடுகட்டிவிடும் என்று வைத்து, நின்ற மட்டத்தையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி ஜீப்
டியூப் கட்டிப் பார்த்தாச்சு. நெம்ப உபயோகமான வேலைங்க. என் நிப்பிள் கோட்டுக்கு 38 மி.மீ. கீழ இருக்கு!

டர்போ டிரெயின் வாயில இருந்து புது இடம்: உயரம் 260, பக்கவாட்டுல 180 மி.மீ. டிரெயின் வாய் நேர் கீழ இல்லை, ஒரு 40 டிகிரி சாஞ்சிருக்கு. இப்ப இருக்கற நிப்பிளைச் சுத்தி கசிவும் இருக்கு, டெஃப்லான் டேப் சுத்தியும் நிக்கலை.

கணபதி லேத்
கசியாம என்ன பண்ணும்? பேன் தகடு ஒண்ணரை மி.மீ. நீங்க போட்ட அரை இஞ்சு மரை இஞ்சுக்கு 14 பல், ஒரு பல்லுக்கும் அடுத்ததுக்கும் 1.8 மி.மீ. முழுசா ஒரு பல்கூட பிடிக்கலை. டேப் சுத்தறதை நிறுத்துங்க, அந்தத் துணுக்கு ஆயில் ஸ்ட்ரெய்னர்ல போய் நிக்கும்.

இதுல இன்னொரு கண்ணி, மரை வகை. அரை இஞ்சு என்பிடி 14 பல், அரை இஞ்சு பிஎஸ்பி 14 பல், ஏஎன்-10 மரை 7/8 யுஎன்எஃப், அதுவும் 14 பல். பிட்ச் கேஜ் வெச்சா மூணும் ஒண்ணாத்தான் தெரியும். பிஎஸ்பிக்கு பல் கோணம் 55 டிகிரி, மத்த ரெண்டும் 60. வெளி விட்டம் முறையே 21.3, 20.95, 22.2. பிஎஸ்பி நிப்பிள் என்பிடி ஓட்டையில ரெண்டு சுத்து சுகமா ஏறும், இறுகற மாதிரியும் தெரியும், ஆனா கசியும். விட்டத்தை அளக்காம வாங்காதீங்க.

பேன் வேலை: 32 மி.மீ. எம்எஸ் (சாதா இரும்பு) ராடுல பங் (பேன்ல ஊதி வைக்கற, மரை போட்ட முனை) கடையணும். வெளிப்பக்கம் 7/8-14 மரை, நுனியில 37 டிகிரி கூம்பு, உள்ள 15 மி.மீ. துளை நேரா. தகட்டுல உட்காரற இடம் சாய்வா வெட்டியிருந்தா பைப் மேல இருந்து வந்து அப்படியே சேரும். உள்பக்கம் 2 மி.மீ.க்கு மேல நீட்ட வேண்டாம். ஓட்டை போடறதுக்கு முன்னாடி அந்த இடத்துல பேன் உள்பக்கம் களிமண் உருண்டை ஒட்டி, பேனை நாலு போல்ட்ல மாட்டி, கிராங்க்கைக் கையில ரெண்டு சுத்து சுத்திக் கழட்டிப் பாருங்க. களிமண் 10 மி.மீ.க்குக் கீழ நசுங்கியிருந்தா இடத்தை மாத்தணும்.

வெல்டிங் பத்தி சித்த விரிவாவே சொல்லணும். பேனைக் காஸ்டிக் சோடா சுடுதண்ணியில ஊறவெச்சுக் கழுவுங்க. மடிப்புல எண்ணெய் இருந்தா வெல்டு முழுக்க ஊசி ஓட்டையாகும். பிரேக் கிளீனர் அடிச்சுட்டு டார்ச்சைப் பத்த வைக்காதீங்க. குளோரின் கலந்ததா இருந்தா ஃபாஸ்ஜீன் வாயு வரும், அது உயிருக்கே ஆபத்து. இஞ்சின்ல பேன் இருக்கையில வெல்டிங் பேச்சே கூடாது. டிக் (ஆர்கான் வெல்டிங்) நல்லதுதான், ஆனா மெல்லிசு தகட்டுக்கு கேஸ்ல பித்தளை ஊதறது எனக்குப் பிடிக்கும், சூடு கம்மி, கோணாது. எதுவா இருந்தாலும் பேன் விளிம்பைத் தடிமனான பட்டையில போல்ட் போட்டு இறுக்கிட்டு, நாலு பக்கம் பொட்டு வெச்சு, எதிரெதிரா ஊதுங்க. விளிம்பு கோணிட்டா அப்புறம் எந்த பேக்கிங்கும் நிக்காது.

ஆறினதும் வெளிப்பக்கம் சாக்பீஸைத் தேய்ச்சுட்டு உள்ள டீசல் ஊத்தி அரை மணி வெச்சுடுங்க. கசிவு இருந்தா வெள்ளையில ஈரப் பொட்டு தெரியும்.

சங்ககிரி டீசல்
40 டிகிரி சாய்வு ஆகாது. கம்ப்ரசர் ஹவுசிங், டர்பைன் ஹவுசிங் ரெண்டையும் லூஸ் பண்ணினா நடு ஹவுசிங்கைத் திருப்பலாம். டிரெயின் வாய் நேர் கீழ பார்க்கட்டும். 20 டிகிரிக்குள்ள நிம்மதி, 35 தாண்டவே கூடாது. திருப்பும்போது ஹவுசிங்கை நேரா வெச்சுக்கிட்டே திருப்புங்க, சாய்ஞ்சா கம்ப்ரசர் வீல் நுனி மடங்கிடும்.

ரிக் ஹோஸ் (திருச்செங்கோடு)
ரேடியேட்டர் ஹோஸை இன்னைக்கே கழட்டிருங்க. அது இபிடிஎம் ரப்பர், தண்ணிக்கு. எண்ணெய் பட்டா ஊறும். வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கும், உள்ள வாய் தொண்டைக் கட்டு மாதிரி சுருங்கிப்போயிருக்கும். கலர் கலரா வர்ற சாதா சிலிகான் ஹோஸும் எண்ணெயை வேர்க்க விடும். உள்ள ஃப்ளூரோ லைனிங் இருந்தாத்தான் ஆகும்.

ஹைட்ராலிக் கடையில சாதாவா எடுத்துக் குடுக்கற 100ஆர்1 ஹோஸுக்கு 100 டிகிரிதான் எல்லை. டர்போவுல இருந்து வர்ற எண்ணெய் 120ஐ லேசாத் தாண்டும். நீங்க கேட்க வேண்டியது 100ஆர்14, டெஃப்லான் உள்குழாய், மேல ஸ்டீல் பின்னல், 204 டிகிரி வரைக்கும். ரிக் கம்ப்ரசருக்கு இதே ஹோஸ் போடறதால எங்க ஊர்ப்பக்கம் கிரிம்ப் கடைகள்ல கிடைக்கும். ஏஎன்னு கேட்டா முழிப்பாங்க, ஜேஐசி 37 டிகிரின்னு கேளுங்க, கோணமும் மரையும் ஒண்ணுதான். 45 டிகிரி ஃப்ளேர் குடுத்தா வாங்காதீங்க, உட்காராது.

ஆனா டெஃப்லான் ஹோஸைச் சட்டுனு மடக்கினா மடிப்பு விழும், அந்த மடிப்பு திரும்ப நிமிராது. உங்க 260-180 இடத்துக்கு ஹோஸைவிட இரும்பு பைப் நல்லதுங்க.

கணபதி லேத்
ஆமாங்க. 22 மி.மீ. வெளி விட்டம், ஒண்ணரை கனம், உள்ள சரியா 19 கிடைக்கும். டர்போ டிரெயின் வாயில போல்ட் போடற பிளாஞ்சுல ஊதி, ரெண்டு 45 டிகிரி வளைவு. கூர்மையான 90 எல்போ வேண்டாம். பைப் முழுசா இரும்பா பேன் வரைக்கும் போகக் கூடாது. மேனிஃபோல்ட் சூட்டுல டர்போ நகரும், பிளாஞ்சு ஓரம் விரிசல் விடும். கீழ 60-70 மி.மீ. வைட்டான் (எண்ணெயும் சூடும் தாங்கற ரப்பர்) ஹோஸ் துண்டு, ரெண்டு கிளிப். பைப் நுனியில சின்ன மேடு உருட்டிக்குங்க, இல்லைன்னா ஹோஸ் வழுக்கிட்டு வந்துரும். இந்த வழின்னா பேன்லயும் ஏஎன்-10 வேண்டாம், அதே 22 பைப் துண்டை ஊதிட்டா முடிஞ்சது.

பிளாஞ்சுக்கு பேப்பர் பேக்கிங் மட்டும். சிலிகான் பேஸ்ட் வேண்டாம். இறுக்கும்போது உள்பக்கம் பிதுங்கி, பொறவு உரிஞ்சு பைப் வாயை அடைக்கும்.

நீலாம்பூர் தம்பி
டர்போவை இன்னும் கீழ, சேசிஸ் பக்கம் வெச்சா?

கணக்குப்பிள்ளை
டிரெயின் வாய் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே போனால் எடையால் இறங்காது, உறிஞ்சும் பம்ப் வேண்டும். சூட்டையும் நுரையையும் தாங்கும் கியர் பம்ப், முன்னால் ஒரு வலை, பம்ப் நின்றால் எச்சரிக்கும் விளக்கு. அது நின்ற நிமிடத்தில் டர்போ எண்ணெயில் மூழ்கும். மேலே வைக்க இடம் இருக்கும்போது எதற்கு?

அது கிடக்கட்டும். முதல் பதிவில் டிப் ஸ்டிக் தூக்கி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓ-ரிங் அல்ல. டேப்பட் கவர் பிரீதர் ஹோஸ் (இஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் குழாய்) இப்போது எங்கே போகிறது?

பொள்ளாச்சி ஜீப்
கம்பெனியில வந்த மாதிரியேங்க. இன்டேக் மேனிஃபோல்டுல இருக்கற நிப்பிளுக்கு.

சங்ககிரி டீசல்
அடக் கொடுமையே. அங்கதானே இப்ப பூஸ்ட் (டர்போ அமுக்கற காத்து) நிக்குது!

கணக்குப்பிள்ளை
டர்போ இல்லாதபோது அந்த நிப்பிள் உறிஞ்சிக்கொண்டிருந்தது. இப்போது ஊதுகிறது. கிராங்க் கேஸ் (கிராங்க் சுற்றும் இஞ்சின் அடிப்பகுதி) அழுத்தம் 0.8 கிலோ பாஸ்கலைத் தாண்டக் கூடாது, அதாவது 80 மி.மீ. தண்ணீர் உயரம். பூஸ்ட் 0.6 பார் என்றால் 60 கிலோ பாஸ்கல். அதில் ஒரு துளி கசிந்தாலும் போதும், ரிட்டர்ன் பைப்பில் எண்ணெய் இறங்காது, கீழிருந்து காற்று மேலே ஏறும். ஐடில் புகைக்கு முங்கிய நிப்பிள் காரணம். ஏற்றத்தில் இன்டேக் ஹோஸ் நனைவதற்கு இது காரணம். ஒன்றை மட்டும் சரிசெய்திருந்தால் இன்னொன்று ஏமாற்றியிருக்கும்.

மேனிஃபோல்ட் நிப்பிளை அடைத்துவிடுங்கள். பிரீதரை 19 மி.மீ. ஹோஸில் ஒரு எண்ணெய் பிடிக்கும் டப்பாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஏர் ஃபில்டருக்கும் டர்போ காற்றை உறிஞ்சும் வாய்க்கும் நடுவே சேருங்கள். கணபதியார் கட்டச் சொன்ன அதே கண்ணாடி டியூபை யு வடிவில் வளைத்து, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப் ஸ்டிக் குழாயில் மாட்டுங்கள். இஞ்சினை முறுக்கும்போது இரு பக்க மட்டமும் 80 மி.மீ.க்குள் வித்தியாசப்பட்டால் சரி. அடைந்த ஏர் ஃபில்டரும் கம்ப்ரசர் பக்கம் எண்ணெயை இழுக்கும், அதையும் பாருங்கள்.

கணபதி லேத்
பைப்பை மாட்டினதும் டர்போவுல சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. மேல் வாயில புனல் வெச்சு அரை லிட்டர் வெதுவெதுப்பான எண்ணெய் ஊத்துங்க. நிமிஷத்துக்கு 2 லிட்டர்னா அரை லிட்டர் 15 செகண்டுல போகணும், புனல்ல தேங்கக் கூடாது. நுரையா வர்றப்ப இதைவிட சிரமம், அதனால 8-10 செகண்டுல போனாத்தான் மனசு ஒப்பும்.

சங்ககிரி டீசல்
ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஃபீட் ஓட்டையில புது எண்ணெய் ஊத்தி, வீலைக் கையில சுத்தி விடுங்க. இஞ்சின் பத்தாம இருக்க ஸ்டாப் சொலினாய்டு வயரைக் கழட்டிட்டு, பிரஷர் ஏறற வரைக்கும் செல்ஃப் அடிங்க, ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல வேண்டாம். பொறவு ரெண்டு மூணு நிமிஷம் ஐடில், முறுக்காதீங்க. சைலன்சர்ல ஏற்கெனவே கிடக்கற எண்ணெய் எரிஞ்சு தீர அரை மணி ஓட்டம் ஆகும், அதுவரைக்கும் புகை வந்தா பயப்படாதீங்க.

ஆர்டிஓ விஷயம் மறந்துறாதீங்க. இஞ்சின்ல மாத்தம் பண்ணினா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு.

பொள்ளாச்சி ஜீப்
வேலை முடிஞ்சதுங்க. 22 பைப், பேன் நீளத்துல நடுப்பக்கம், கோட்டுக்கு 41 மி.மீ. மேல. டிரெயின் வாய் இப்ப 10 டிகிரிக்குள்ள. புனல் சோதனை 9 செகண்டு. யு டியூப்: ஐடில்ல 12 மி.மீ., முறுக்கினா 35. பழைய ரேடியேட்டர் ஹோஸை நீளவாக்குல அறுத்துப் பார்த்தேன், உள்ள சுண்டுவிரல் நுழையலை.

20 நிமிஷம் ஐடில், புகை இல்லை. ஆழியாறு இறங்கி வந்து நிறுத்தியும் பார்த்தாச்சு, இல்லை. டிப் ஸ்டிக் அதே இடத்துல உட்கார்ந்திருக்கு. பழைய நிப்பிள் ஓட்டையைப் பட்டை வெச்சு ஊதியாச்சு.

கணபதி லேத்
500 கி.மீ.ல எண்ணெயும் ஃபில்டரும் மாத்திருங்க, ஊதின பிசிறு எதாவது இருந்தா அதோட போயிடும். வைட்டான் துண்டோட ரெண்டு கிளிப்பையும் அப்பவே கால் சுத்து இறுக்குங்க.